மலைக்கு அந்தப் பக்கத்து மக்கள்: அமெரிக்காவின் புதிய அரசை எல்லைப்புறம் எப்படிப் பார்த்தது? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

1787 கோடையில் 55 பேர் பிலடெல்பியாவில் கூடினார்கள், அரசியல் சாசனம் எழுதினார்கள், மாநிலங்கள் ஒவ்வொன்றாக ஒப்புக்கொண்டன, வாஷிங்டன் அதிபரானார். அமெரிக்க அரசு பிறந்த கதையை நாம் இப்படித்தான் படித்திருக்கிறோம். கடலோர நகரங்களின் கதை அது. அப்பலாச்சியன் மலையைத் தாண்டிக் காட்டை வெட்டி மக்காச்சோளம் விதைத்தவர்களுக்கு இந்தப் புதிய அரசு எப்படித் தெரிந்தது என்பதைப் பாடப்புத்தகம் சொல்வதில்லை. இந்தக் காலத்தைப் பற்றி எழுதும்போதெல்லாம் நண்பர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

எல்லைப்புறம் என்று எதைச் சொல்கிறீர்கள்?

ஒரே இடம் இல்லை. பென்சில்வேனியாவின் மேற்கு மாவட்டங்கள், அப்போது வர்ஜீனியாவின் பகுதியாக இருந்த கென்டக்கி, வட கரோலினாவுக்குச் சொந்தமாக இருந்த இன்றைய டென்னசி, ஜார்ஜியாவின் உட்பகுதி, வடக்கே வெர்மான்ட், மாசசூசெட்ஸின் மேற்கு மலைக்காடு எல்லாம் இதில் சேரும். 1790-ல் எடுத்த முதல் மக்கள்தொகைக் கணக்கில் கென்டக்கியில் 73,677 பேர் இருந்தார்கள். டென்னசிப் பகுதியில் 35,691 பேர். மொத்த நாட்டுக்கே அப்போது 39 லட்சம் பேர்தான். கென்டக்கியில் 15 வருஷத்துக்கு முன்பு வெள்ளையர் குடியிருப்பு என்று சொல்லிக்கொள்ள விரல்விட்டு எண்ணும் அளவுக்கே இருந்தது. ஜனங்கள் அந்த வேகத்தில் மலையேறிப் போனார்கள்.

காலத்தைப் பிடித்துக்கொள்ள ஒரு அடையாளம் சொல்கிறேன். 1781-ல் யார்க்டவுனில் வாஷிங்டனிடம் சரணடைந்த கார்ன்வாலிஸ்தான் 1792-ல் திப்பு சுல்தானிடமிருந்து திண்டுக்கல்லையும் சேலத்துப் பாராமகாலையும் எழுதி வாங்கியவர். நம் ஊரில் கம்பெனி ஆட்சி வேர்விட்டுக்கொண்டிருந்த அதே பத்து வருஷத்துக் கதை இது.

பழைய அரசு அவர்களுக்கு என்ன செய்யவில்லை?

காவல் தரவில்லை. சாசனத்துக்கு முன்பு நாடு முழுவதற்கும் பொதுவாக இருந்த சபையான கூட்டமைப்புக் காங்கிரசுக்கு வரி போடும் அதிகாரமே கிடையாது. மாநிலங்களிடம் கேட்கலாம், கொடுத்தால் உண்டு. போர் முடிந்து 1784-ல் ராணுவத்தைக் கலைத்தபோது ஆயுதக் கிடங்குகளைக் காக்க 80 பேரை மட்டும் வைத்துக்கொண்டார்கள். 25 பேர் பிட்ஸ்பர்கில், 55 பேர் வெஸ்ட் பாயின்ட்டில். பிறகு 700 பேர் கொண்ட ஒரு படையை உருவாக்கினார்கள். ஒஹையோ நதி முழுவதற்கும் அது எந்த மூலைக்கு? டெட்ராய்ட், நயாகரா போன்ற கோட்டைகளைக் காலி செய்வதாக 1783 பாரிஸ் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்ட பிரிட்டன் அதைச் செய்யவில்லை. காங்கிரசால் கேட்க முடிந்தது, வெளியேற்ற முடியவில்லை.

1783-லிருந்து ஏழு வருஷத்தில் கென்டக்கியிலும் அங்கே வரும் வழியிலும் பூர்வகுடிகளோடு நடந்த சண்டையில் 1,500 பேருக்கு மேல் கொல்லப்பட்டார்கள் என்று கென்டக்கி நீதிபதி ஹாரி இன்னஸ் 1790-ல் போர்ச் செயலருக்கு எழுதினார். அவருடைய மதிப்பீடு அது. ஒஹையோவின் மறுகரையில் செத்த பூர்வகுடிகளை அவர் எண்ணவில்லை. அதைப் பற்றிக் கீழே தனியாக எழுதியிருக்கிறேன்.

மிசிசிப்பி நதி என்று எல்லாரும் சொல்கிறார்களே, ஒரு நதிக்கு ஏன் அவ்வளவு சண்டை?

இது பிடிபட்டால் மற்றதில் பாதி பிடிபட்டுவிடும். கென்டக்கி விவசாயி புகையிலையும் மாவும் உப்புப் பன்றிக்கறியும் வைத்திருக்கிறான். கிழக்கே கொண்டுபோக வேண்டுமானால் பொதிக் குதிரையில் ஏற்றி மலை தாண்ட வேண்டும். கூலி சரக்கின் விலையைத் தின்றுவிடும். மேற்கே பார்த்தால் ஓடைகள் கென்டக்கி நதியில் கலக்கின்றன, அது ஒஹையோவில் கலக்கிறது, ஒஹையோ மிசிசிப்பியில் கலந்து நியூ ஆர்லியன்ஸ் வழியாகக் கடலுக்குப் போகிறது. மரப்பலகையில் தட்டைப் படகு ஒன்றைக் கட்டிச் சரக்கை ஏற்றி நீரோட்டத்தில் விட்டால் போதும். போய்ச் சேர்ந்ததும் படகையே பிரித்துப் பலகையாக விற்றுவிட்டு நடந்து ஊர் திரும்புவார்கள்.

அந்த நியூ ஆர்லியன்ஸ் ஸ்பெயினின் கையில் இருந்தது. 1784-ல் ஸ்பெயின் நதியின் கீழ்ப்பகுதியை அமெரிக்கர்களுக்கு மூடிவிட்டது. களத்தில் நெல் அறுத்துக் குவித்திருக்கும்போது சந்தைக்குப் போகும் ஒரே சாலையை அடைத்தது போல.

அடுத்து நடந்ததுதான் வடு. வெளியுறவுச் செயலர் ஜான் ஜே ஸ்பெயின் தூதர் கார்தோக்கியுடன் வர்த்தக ஒப்பந்தம் பேசினார். கடலோர வணிகர்களுக்கு ஸ்பெயினின் சந்தை வேண்டும். அதற்கு விலையாக மிசிசிப்பியில் போகும் உரிமையை 25, 30 வருஷத்துக்கு விட்டுக்கொடுக்கலாம் என்று 1786 ஆகஸ்டில் காங்கிரசிடம் அனுமதி கேட்டார். வடக்கு மாநிலங்கள் 7 சரி என்றன, தெற்கு மாநிலங்கள் 5 கூடாது என்றன. ஒப்பந்தத்துக்கு 9 மாநிலம் தேவை என்ற விதி இருந்ததால் மட்டுமே அது நின்றது.

செய்தி மலையைத் தாண்டியபோது கென்டக்கி கொதித்தது. நாங்கள் யாருக்காகச் சாகிறோம், எங்கள் வயிற்றில் அடித்து பாஸ்டன்காரன் மீன் விற்கவா என்பதுதான் அவர்கள் கேட்ட கேள்வியின் சாரம். அந்தக் கோபம் முழுக்க நியாயமானது என்றே நான் நினைக்கிறேன். புதிய சாசனம் வந்தபோது அதை அவர்கள் வாசித்தது இந்தக் காயத்தோடுதான்.

சாசனத்தில் அவர்களை உறுத்தியது எது?

அந்த 9 மாநில விதிதான் முதலில். பழைய முறையில் 13-ல் 9 மாநிலம் சம்மதித்தால்தான் ஒப்பந்தம். புதிய சாசனத்தில் அவையில் இருக்கும் செனட்டர்களில் மூன்றில் இரண்டு பங்கு போதும். கணக்குப் போட்டுப் பாருங்கள். 13 மாநிலத்துக்கு 26 செனட்டர்கள். 14 பேர் வந்தால் கோரம், அதாவது சபை நடக்கத் தேவையான குறைந்தபட்ச எண்ணிக்கை. அதில் 10 பேர் கை தூக்கினால் மிசிசிப்பி போய்விடும். 1786-ல் ஜே பக்கம் நின்ற 7 மாநிலங்களுக்கு மட்டும் 14 செனட்டர்கள் வருவார்கள். அன்று தோற்ற தீர்மானம் நாளை ஜெயிக்கும். சாசனத்தை ஏற்பதா என்று முடிவுசெய்ய 1788 ஜூனில் ரிச்மண்டில் கூடிய வர்ஜீனிய மாநாட்டில் பேட்ரிக் ஹென்றி நாள்கணக்கில் இதைத்தான் அடித்துப் பேசினார். அவருடைய கண் கென்டக்கி உறுப்பினர்கள் 14 பேர் மீது இருந்தது.

அடுத்து வரி. காசே புழங்காத ஊரில் காசாக வரி கேட்பார்கள் என்ற பயம். அதற்கடுத்து நீதிமன்றம்: கூட்டாட்சி வழக்கு என்று இழுத்தால் 300 மைல் தள்ளி, முகம் தெரியாத ஜூரி முன்னால் நிற்க வேண்டிவரும். நிலத் தகராறு இல்லாத வீடே கென்டக்கியில் கிடையாது, ஒரே நிலத்துக்கு மூன்று நான்கு பேர் பத்திரம் வைத்திருந்தார்கள் என்பதை நினைத்துப் பார்த்தால் இந்தப் பயத்தின் கனம் தெரியும்.

நிரந்தர ராணுவம் பற்றி மட்டும் அவர்களுக்கு இரண்டு மனம் இருந்தது. காவலுக்குப் படை வேண்டும், அந்தப் படை தங்கள் பக்கம் திரும்பக்கூடாது.

பென்சில்வேனியாவில் உறுப்பினர்களை இழுத்து வந்தார்கள் என்பது உண்மையா?

உண்மை. 1787 செப்டம்பர் கடைசியில், சாசனம் அச்சாகி இரண்டு வாரம்கூட ஆகவில்லை, ஒப்புதல் மாநாட்டுக்குத் தேதி குறித்துவிடப் பென்சில்வேனிய சட்டசபையின் பெரும்பான்மை அவசரப்பட்டது. மேற்கு மாவட்டங்களுக்கு அந்தப் பிரதி போய்ச் சேரவே நாள் பிடிக்கும். எங்கள் ஜனங்கள் படிக்க அவகாசம் கொடுங்கள் என்றார்கள் மேற்கத்திய உறுப்பினர்கள். நடக்கவில்லை. அதனால் 19 பேர் சபைக்கு வராமல் நின்றுவிட்டார்கள். கோரத்துக்கு 46 பேர் வேண்டும், உள்ளே 44.

செப்டம்பர் 29 காலை ஒரு கூட்டம் விடுதிக்குப் போய் ஜேம்ஸ் மெக்கால்மன்ட், ஜேக்கப் மைலி என்ற இருவரைப் பிடித்துத் தெருவழியே இழுத்து வந்து சபையில் உட்காரவைத்தது. மெக்கால்மன்ட் எல்லைப்புற மாவட்டத்துக்காரர். எழுந்து, என்னை என் விருப்பத்துக்கு மாறாகத் தூக்கி வந்தார்கள், வெளியே விடுங்கள் என்றார். விதிப்படி வராத உறுப்பினருக்கு 5 ஷில்லிங் அபராதம். பையில் கைவிட்டுச் சில்லறை வெள்ளியை எடுத்து, இந்தாருங்கள் உங்கள் 5 ஷில்லிங், என்னைப் போக விடுங்கள் என்று நீட்டினார். மாடத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அபராதம் வாங்குகிற அலுவலர் இங்கே இல்லை என்று சபாநாயகர் சொல்லிவிட்டார். அவர் கதவை நோக்கி நகர்ந்தபோதும் மறித்தார்கள். 46 ஆனது, தீர்மானம் நிறைவேறியது.

நீட்டிய அந்த 5 ஷில்லிங்கைத் தாண்டி என்னால் எளிதில் போக முடிவதில்லை. ஒரு மகத்தான ஆவணம் ஒப்புதலுக்குப் புறப்பட்ட முதல் அடியே ஒருவரைச் சட்டையைப் பிடித்து இழுத்துவந்து எடுத்த அடியாக இருந்தது. மேற்கத்தியர்கள் அதை மறக்கவில்லை. டிசம்பர் 12 அன்று மாநாடு 46-க்கு 23 என்று ஒப்புக்கொண்டது. வெஸ்ட்மோர்லாந்தின் வில்லியம் ஃபிண்ட்லி, ஃபாயெட்டின் ஜான் ஸ்மைலி போன்றவர்கள் கடைசிவரை எதிர்த்து நின்று, தோற்றவர்களின் மறுப்புரையை அச்சிட்டுப் பரப்பினார்கள். டிசம்பர் 26 அன்று கார்லைல் ஊரில் பீரங்கி வெடித்துக் கொண்டாட வந்தவர்களைக் கூட்டம் அடித்து விரட்டியது. மறுநாள் சாசனத்துக்காக வாதாடிய ஜேம்ஸ் வில்சன், தாமஸ் மெக்கீன் ஆகியோரின் கொடும்பாவிகளை எரித்தார்கள். வில்சன் அதே ஊரில் வக்கீலாக இருந்தவர். அதற்காகச் சிறையில் அடைத்தவர்களை மார்ச் மாதம் மிலிஷியாக்காரர்கள் (ஊர் மக்களைக் கொண்ட உள்ளூர்ப் படையினர்) திரண்டுவந்து விடுவிக்கவைத்தார்கள்.

அப்படியென்றால் எல்லைப்புறமே சாசனத்துக்கு எதிரி என்று சொல்லலாமா?

கூடாது. இந்த இடத்தில்தான் பலர் தவறுகிறார்கள். கடலோரம் ஆதரவு, காடு எதிர்ப்பு என்று கோடு போட்டால் ஜார்ஜியா அந்தக் கோட்டை அழித்துவிடும். ஜார்ஜியா முழுக்கவே எல்லைப்புறம் போன்றது. கிரீக் என்ற பூர்வகுடி மக்களோடு போர் மூண்டிருந்தது, தெற்கே ஸ்பெயின். 1788 ஜனவரி 2 அன்று ஒரு எதிர்ப்பு ஓட்டுகூட இல்லாமல் சாசனத்தை ஏற்றது. அவர்களுக்குப் படை வேண்டும்.

வர்ஜீனியாவிலேயே பாருங்கள். ஷெனான்டோவா பள்ளத்தாக்கும் அதற்கு மேற்கே இன்று மேற்கு வர்ஜீனியா என்று தனி மாநிலமாக இருக்கும் மலைப்பகுதியும் பெரும்பாலும் ஆதரித்தன. பிரிட்டிஷ் கோட்டைகளைக் காலி செய்யவைக்கும் வலு புதிய அரசுக்கு வரும் என்று நம்பினார்கள். அவர்களுக்கு மேற்கே கென்டக்கி எதிர்த்தது: 14 பேரில் 10 பேர் எதிர்ப்பு, 3 பேர் ஆதரவு, ஒருவர் ஓட்டுப் போடவில்லை. மொத்த மாநாட்டில் 89-க்கு 79 என்று சாசனம் ஜெயித்தது. ஒருவனுக்குக் கோட்டை பெரிய கவலை, அடுத்தவனுக்கு நதி. எந்தத் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்பதைப் பொறுத்து ஓட்டு விழுந்தது.

பிட்ஸ்பர்க் ஊரும் அப்படித்தான். சுற்றியிருந்த விவசாயிகள் எதிர்ப்பு. ஊருக்குள் வணிகர்கள் ஆதரவு. வக்கீல் ஹியூ ஹென்றி பிராக்கன்ரிட்ஜ் ஆதரித்து எழுதினார், அதனால் அரசியலில் செல்வாக்கை இழந்தார்.

மாசசூசெட்ஸ் மாநாட்டில் 1788 ஜனவரி 25 அன்று இரண்டு குரல்கள் ஒரே நாளில் ஒலித்தன. சட்டன் ஊர்க்காரர் ஆமோஸ் சிங்லட்டரி எழுந்து, இந்த வக்கீல்களும் படித்தவர்களும் பணக்காரர்களும் இனிக்க இனிக்கப் பேசி நம் வாயில் மாத்திரையைத் திணிக்கிறார்கள், அதிகாரமெல்லாம் கைக்கு வந்ததும் திமிங்கலம் யோனாவை விழுங்கியது போல நம்மை விழுங்கிவிடுவார்கள் என்றார். பதில் சொல்ல எழுந்தவர் மேற்குக் கோடியில் லேன்ஸ்பரோவிலிருந்து வந்த ஜொனாதன் ஸ்மித். நான் ஏர் பிடித்துப் பிழைப்பவன், மேடையில் பேசிப் பழக்கமில்லை, என் சக உழவர்களுக்கு இரண்டு வார்த்தை என்று தொடங்கினார். முந்தைய குளிர்காலத்தில் கடன் சுமை தாங்காமல் விவசாயிகள் டேனியல் ஷேஸ் தலைமையில் ஆயுதம் எடுத்த கலகம் அவருடைய பகுதியில்தான் நடந்தது. நல்ல அரசு இல்லாதபோது அதன் அருமை என்ன என்று எனக்குத் தெரியும் என்றார். விதைக்கிற நேரத்தில் வேலி சரியில்லை என்று சண்டை போட்டால் அறுப்பு யாருக்கு என்ற பொருளில் பேசினார். இருவரும் பட்டணத்துக் கனவான்கள் இல்லை, ஒருவர் சொன்னது இன்னொருவருக்குப் புரியாமலும் இல்லை.

சாசனச் செய்தி கென்டக்கிக்கு எப்படிப் போனது?

ஜான் பிராட்ஃபோர்ட் என்பவர் 1787 ஆகஸ்ட் 11 அன்று லெக்சிங்டனில் ஒரு வாரப் பத்திரிகையைத் தொடங்கினார். அச்சு இயந்திரமும் எழுத்துகளும் ஒஹையோவில் படகில் லைம்ஸ்டோன் துறைவரை வந்து, அங்கிருந்து குண்டும் குழியுமான பாதையில் லெக்சிங்டன் போய்ச் சேர்ந்தன. குலுக்கலில் ஈய எழுத்துகள் எல்லாம் கொட்டிக் கலந்துவிட்டன. முதல் இதழில் அதற்கு வாசகர்களிடம் மன்னிப்புக் கேட்டிருக்கிறார். கொட்டிய எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி அறைகளில் போட்டு, அதே எழுத்தைக் கோத்து, நாட்டின் எதிர்காலத்தைப் பற்றி ஒரு மரவீட்டில் அச்சடித்தார்கள். டான்வில் ஊரில் ஒரு அரசியல் மன்றம் இருந்தது. உறுப்பினர்கள் அங்கே கூடிச் சாசனத்தைப் பிரிவு பிரிவாக எடுத்து விவாதித்தார்கள். அவர்களைப் படிப்பறிவில்லாத காட்டுவாசிகள் என்று எழுதுகிறவர்கள் இதைக் கணக்கில் எடுப்பதில்லை.

அவர்கள் உண்மையிலேயே ஸ்பெயினோடு சேர்ந்துவிட நினைத்தார்களா?

சிலர் நினைத்தார்கள், இன்னும் சிலர் மிரட்டிப் பார்த்தார்கள். எது எது என்று பிரிப்பது கஷ்டம்.

வாஷிங்டன் 1784-லேயே மேற்குப் பகுதிகளைச் சுற்றிப் பார்த்துவிட்டு எழுதினார்: அங்கே குடியேறியவர்கள் ஒரு சுழல் அச்சின் மேல் நிற்பது போல நிற்கிறார்கள், இறகு பட்டால் போதும், எந்தப் பக்கமும் திரும்பிவிடுவார்கள். அதைப் பயன்படுத்திக்கொண்டவர் கென்டக்கியில் குடியேறிய முன்னாள் ராணுவ அதிகாரி ஜேம்ஸ் வில்கின்சன். 1787-ல் கென்டக்கிப் புகையிலையோடு நியூ ஆர்லியன்ஸுக்குப் போய் ஆளுநர் மிரோவைச் சந்தித்து, ஸ்பெயின் மன்னருக்கு விசுவாசமாக இருப்பதாக எழுதிக்கொடுத்தார். நதியில் சரக்குக் கொண்டுபோகும் சலுகை அவருக்குக் கிடைத்தது. ஊர் திரும்பியதும் நதியைத் திறந்துவைத்த வீரன் என்று கொண்டாடினார்கள். உள்ளே நடந்த பேரம் ஊருக்குத் தெரியாது. ஸ்பெயினிடம் சம்பளம் வாங்கிக்கொண்டே பிற்பாடு அமெரிக்க ராணுவத்தின் மூத்த தளபதியாகவும் ஆனார். இவரை மன்னிக்க எனக்கு மனம் வரவில்லை.

சாதாரணக் குடியானவர்களின் நிலை வேறு. 1788 ஜூலையில் நடந்ததைப் பாருங்கள். கென்டக்கி தனி மாநிலமாக வேண்டும் என்று நான்கு வருஷமாக மாநாடு மேல் மாநாடு போட்டு, வர்ஜீனியாவின் சம்மதமும் வாங்கி, காங்கிரசின் கடைசி ஒப்புதலுக்குக் காத்திருந்தார்கள். ஜூலை 3 அன்று காங்கிரஸ், புதிய சாசனத்துக்கு 9 மாநில ஒப்புதல் வந்துவிட்டது, இனி இதைப் புதிய அரசு பார்த்துக்கொள்ளட்டும் என்று கைகழுவியது. இவர்கள் சாசனத்துக்கு எதிராக ஓட்டுப் போட்ட அடுத்த வாரம் அது. மறுபுறம் கார்தோக்கி, நீங்கள் தனி நாடானால் நதியைத் திறந்துவிடுகிறோம் என்று கென்டக்கியின் பிரதிநிதி ஜான் பிரவுனிடம் ஆசை காட்டினார். அந்த வருஷத்தில் அவர்கள் பிரிந்துபோகாமல் இருந்ததுதான் வியப்பு. அடுத்த கூட்டத்தில் பிரிவினைப் பேச்சு எழுந்தது, ஆனால் பெரும்பாலோர் மறுபடியும் மனு எழுதலாம் என்றே முடிவு செய்தார்கள். 1792 ஜூன் 1 அன்று கென்டக்கி மாநிலமானது.

ஃபிராங்ளின் மாநிலம் என்று ஒன்று இருந்ததா?

இருந்தது, நான்கு வருஷம். வட கரோலினா தன் மேற்குப் பகுதியை 1784-ல் காங்கிரசுக்கு விட்டுக்கொடுத்துவிட்டுச் சில மாதத்திலேயே திரும்ப எடுத்துக்கொண்டது. நடுவில் விடப்பட்ட ஜனங்கள் ஜோன்ஸ்பரோவில் கூடித் தனி மாநிலம் அறிவித்தார்கள். ஜான் செவியர் ஆளுநர். காசு இல்லாததால் வரியை நீர்நாய்த் தோல், பன்றிக்கறி, விஸ்கி, புகையிலை, நெய்த துணி என்று பொருளாகவே கட்டலாம் என்று சட்டம் போட்டார்கள். 1785-ல் காங்கிரசிடம் அங்கீகாரம் கேட்டபோது 7 மாநிலம் ஆதரித்தது, 9 தேவைப்பட்டது.

பிலடெல்பியாவில் கூடியவர்கள் இதைக் கவனித்துக்கொண்டுதான் இருந்தார்கள். ஒரு மாநிலத்துக்குள்ளிருந்து புதிய மாநிலம் பிரிய அந்த மாநில சட்டசபையின் சம்மதம் வேண்டும் என்ற விதி சாசனத்தில் ஏறியது. மேரிலாந்தின் லூதர் மார்ட்டின், மலைக்கு அப்பால் இருப்பவர்களைக் கட்டிப்போடும் விதி இது என்று எதிர்த்தார். ஃபிராங்ளின் 1788-ல் உட்சண்டையில் உடைந்தது. செவியரைக் கைது செய்து மலை தாண்டிக் கொண்டுபோனார்கள். 1796-ல் அதே செவியர் டென்னசியின் முதல் ஆளுநர்.

சாசனம் எழுதியவர்கள் மேற்கு மக்களை எப்படி நினைத்தார்கள்?

எல்லாரும் ஒரே மாதிரி இல்லை. கவர்னர் மாரிஸ் (கவர்னர் என்பது இங்கே பதவி இல்லை, அவர் பெயர்) வெளிப்படையாகப் பேசினார்: அரசியல் திறமைக்குப் பள்ளிக்கூடம் ஜனசந்தடியுள்ள இடம்தான், தொலைதூரக் காடு இல்லை, மேற்கத்தியர் கையில் அதிகாரம் வந்தால் அட்லாண்டிக் கரையின் நலனைக் கெடுத்துவிடுவார்கள். புதிய மாநிலங்களின் பிரதிநிதிகள் எண்ணிக்கை பழைய 13-ஐத் தாண்டவே கூடாது என்று எல்பிரிட்ஜ் கெர்ரி ஜூலை 14 அன்று தீர்மானம் கொண்டுவந்தார். 4 மாநிலம் ஆதரவு, 5 எதிர்ப்பு, பென்சில்வேனியா இரண்டாகப் பிரிந்தது. ஒரே ஒரு ஓட்டு. அது வேறு பக்கம் விழுந்திருந்தால் மேற்கு முழுவதும் என்றென்றும் இரண்டாம் தர மாநிலங்களாகியிருக்கும். அதே வாரத்தில் நியூயார்க்கில் காங்கிரஸ் ஒஹையோ நதிக்கு வடக்கே இருந்த பகுதிக்காக நிறைவேற்றிய வடமேற்குச் சட்டம் 60,000 சுதந்திரக் குடிமக்கள் சேர்ந்தால் பழைய மாநிலங்களுக்குச் சமமான மாநிலம் என்று உறுதி கொடுத்தது. அந்தப் பகுதியில் அடிமை முறையையும் தடை செய்தது.

அடிமைகளும் எல்லைப்புறத்தில் இருந்தார்களா?

இருந்தார்கள். 1790-ல் கென்டக்கியில் 12,430 பேர், ஆறில் ஒருவர். மேலே சொன்ன மாநாடு எதிலும் அவர்களுக்குக் குரல் இல்லை. புகையிலையை நட்டதும் மூட்டை கட்டிப் படகில் ஏற்றியதும் பெருமளவில் அவர்கள் கை.

அந்த நிலம் பூர்வகுடிகளுடையது அல்லவா? அவர்கள் இந்தப் புதிய அரசை எப்படிப் பார்த்தார்கள்?

அவர்களுடையதுதான். எல்லைப்புறம் என்ற சொல்லே ஒரு பக்கத்திலிருந்து பார்த்துச் சொன்னது. ஷானி, மயாமி, டெலவேர், செரோக்கி மக்களுக்கு அது ஊரின் நடுவாசல்.

1783-ல் பிரிட்டன் அவர்களைக் கேட்காமலே அவர்கள் நிலத்தை அமெரிக்காவுக்கு எழுதிக்கொடுத்தது. பிறகு காங்கிரஸ் ஒவ்வொரு கூட்டத்தையும் தனித்தனியாக அழைத்துக் கையெழுத்து வாங்கியது. 1786 டிசம்பரில் டெட்ராய்ட் அருகே கூடிய நாடுகள் ஒன்றாகச் சேர்ந்து காங்கிரசுக்கு எழுதின: இனி எந்த ஒப்பந்தமும் எங்கள் அனைவரோடும் சேர்ந்தே பேசப்பட வேண்டும், அதுவரை உங்கள் நில அளவையாளர்களை ஒஹையோவைத் தாண்டவிடாதீர்கள். கவனியுங்கள், 13 மாநிலங்கள் பிலடெல்பியாவில் கூடுவதற்கு அரை வருஷம் முன்பே இவர்கள் தங்களுக்குள் ஒரு ஒன்றியத்தைக் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

அதே இலையுதிர்காலத்தில் கென்டக்கி மிலிஷியா ஷானி ஊர்களை எரித்தது. முதியவர் மொலுந்தா அந்த ஆண்டின் தொடக்கத்தில்தான் அமெரிக்காவோடு சமாதானத்தில் கையெழுத்திட்டவர். அமெரிக்கக் கொடியை ஏற்றி, ஒப்பந்தக் காகிதத்தைக் காட்டிச் சரணடைந்து நின்றார். ஹியூ மெக்கேரி என்பவன் கோடரியால் வெட்டிக் கொன்றான். 1788-ல் சமாதானக் கொடியின் கீழ் பேச வந்த செரோக்கித் தலைவர் ஓல்ட் டாஸலை ஃபிராங்ளின் மிலிஷியாக்காரர்கள் கொன்றார்கள். காங்கிரசின் கையெழுத்துக்கு எல்லைப்புறத்தில் மதிப்பில்லை என்று பூர்வகுடிகள் முடிவுகட்டியதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை.

புதிய அரசு வந்ததும் போர் பெரிதானது. 1791 நவம்பர் 4 அன்று மயாமித் தலைவர் லிட்டில் டர்ட்டிலும் ஷானித் தலைவர் புளூ ஜாக்கெட்டும் நடத்திய படை, அமெரிக்க ஜெனரல் செயின்ட் கிளேரின் ராணுவத்தை விடியற்காலையில் தாக்கி 600 பேருக்கு மேல் கொன்றது. அமெரிக்க ராணுவம் பூர்வகுடிகளிடம் கண்ட மிகப்பெரிய தோல்வி அது. 1793-ல் தூதர்கள் நிலத்துக்குப் பணம் தருவதாகச் சொன்னபோது வந்த பதிலின் சாரம் இது: பணம் எங்களுக்கு உதவாது. எங்கள் நிலத்தில் குடியேறியவர்கள் ஏழைகள், இல்லாவிட்டால் ஓயாத ஆபத்தில் வந்து உட்கார்ந்திருக்க மாட்டார்கள். எங்களுக்குத் தருவதாகச் சொல்லும் பணத்தை அவர்களுக்குப் பிரித்துக்கொடுங்கள், போய்விடுவார்கள்.

எல்லைப்புற ஏழைகளைப் பற்றி அந்தக் காலத்தில் யாரும் இதைவிடத் தெளிவாக யோசித்ததாக எனக்குத் தெரியவில்லை. அரசு ஏற்கவில்லை. 1794 ஆகஸ்ட் 20 அன்று ஃபாலன் டிம்பர்ஸில் ஜெனரல் வேயின் வென்றார். மறு வருஷம் கிரீன்வில் ஒப்பந்தத்தில் ஒஹையோவின் பெரும்பகுதி போனது.

விஸ்கிக் கலகம் வெறும் குடிகாரர்களின் ரகளையா?

இல்லை. 1791-ல் நிதித்துறைச் செயலர் ஹாமில்டன் விஸ்கிக்குக் கலால் வரி போட்டார். மாநிலங்களின் போர்க்கடனைப் புதிய அரசு ஏற்றுக்கொண்டிருந்தது, அதைத் தீர்க்கப் பணம் வேண்டும். மேற்குப் பென்சில்வேனியாவில் விஸ்கி குடிப்பதற்கு மட்டும் இருந்த பொருள் இல்லை. ஒரு குதிரை 4 புஷல் (தானியம் அளக்கும் அளவை) ரை என்ற தானியம் சுமக்கும். அதைக் காய்ச்சி விஸ்கியாக்கினால் 24 புஷலின் மதிப்பைச் சுமக்கும். கூலியாளுக்குச் சம்பளம்கூட விஸ்கியில்தான். அதற்குக் காசாக வரி கட்டு, கட்டாவிட்டால் பிலடெல்பியா நீதிமன்றத்துக்கு வா என்றால்? 1787-ல் ஃபிண்ட்லியும் ஸ்மைலியும் எச்சரித்த இரண்டும் ஒரே சட்டத்தில் வந்து நின்றன.

1794 ஜூலையில் சம்மன் கொடுக்க வந்தபோது வெடித்தது. வரி அதிகாரி ஜான் நெவிலின் மாளிகையை எரித்தார்கள். ஆகஸ்ட் 1 அன்று பிராடக் மைதானத்தில் சுமார் 7,000 பேர் திரண்டார்கள். வாஷிங்டன் ஏறக்குறைய 13,000 மிலிஷியாவைத் திரட்டி, பெட்ஃபோர்டுவரை தானே போனார். படை வந்து சேர்ந்தபோது சண்டையிட யாரும் இல்லை. பிடித்துப்போனவர்களில் இரண்டு பேருக்குத் தேசத்துரோகத் தண்டனை, அவர்களையும் வாஷிங்டன் மன்னித்தார். கென்டக்கியில் அந்த வரியை வசூலிக்கவே முடியவில்லை, அங்கே படை எதுவும் போகவில்லை.

வீட்டை எரித்ததும் அதிகாரிகளுக்குத் தார் பூசியதும் தவறு. அந்தத் தவறைச் சொல்லிவிட்டு வரியின் அநியாயத்தைச் சொல்லாமல் விடுவதும் தவறு.

எல்லைப்புறம் எப்போது புதிய அரசை ஏற்றுக்கொண்டது?

1795-ஐ ஒட்டி. ஆகஸ்டில் கிரீன்வில் ஒப்பந்தம். ஜே லண்டனில் செய்த ஒப்பந்தத்தின்படி 1796-ல் பிரிட்டன் கோட்டைகளைக் காலி செய்தது. 1795 அக்டோபர் 27 அன்று தாமஸ் பிங்க்னி ஸ்பெயினோடு சான் லொரென்சோவில் கையெழுத்திட்டார்: மிசிசிப்பி திறந்தது, நியூ ஆர்லியன்ஸில் சரக்கை இறக்கி வைக்கவும் உரிமை கிடைத்தது. கென்டக்கிக்காரர்கள் பத்து வருஷமாகக் கேட்டது கைக்கு வந்தது. செனட்டுக்கு வந்தபோது ஒரு எதிர்ப்பு ஓட்டும் இல்லை. பேட்ரிக் ஹென்றி பயந்த அந்த மூன்றில் இரண்டு பங்கு விதியின் கீழேயே அது நடந்தது.

சாசனத்தை எதிர்த்தவர்கள் பிறகு என்ன ஆனார்கள்?

உள்ளே போனார்கள். ஃபிண்ட்லி 1791-ல் அமெரிக்கக் காங்கிரசுக்குத் தேர்வாகி, நடுவில் நான்கு வருஷம் தவிர 1817 வரை அங்கே இருந்தார். ஸ்மைலியும் பல ஆண்டுகள் உறுப்பினர். 1788 செப்டம்பரில் ஹாரிஸ்பர்கில் சாசனத்துக்குத் திருத்தம் கேட்டுக் கூடியவர்களில் ஆல்பர்ட் கலாட்டின் என்ற 27 வயது இளைஞரும் இருந்தார், ஃபாயெட் மாவட்டத்துக்காரர். ஜெபர்சன் அதிபரானதும் 1801-ல் அவர்தான் நிதித்துறைச் செயலர், ஹாமில்டன் உட்கார்ந்த அதே நாற்காலி. 1802-ல் விஸ்கி வரி ரத்தானது.